வாசகர் கேள்வி-பதில்: இத்தாலிய வீட்டில் துவைப்பதும் துடைப்பதும்

இத்தாலிக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகள், உரோமை நகரின் துறவு இல்லங்களுக்கு அனுப்பப்படும் சகோதரிகள், முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குச் செல்வோர் என மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் புறப்படுகிறவர்களின் கடிதங்களில், சலவையும் சுத்தமும் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பயணக் கையேடுகள் ரயில் நிலையத்திலும் உணவகத்திலும் பேசச் சொல் கற்றுத் தருகின்றன. வாளி எங்கே இருக்கிறது என்று கேட்கவோ, சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்லவோ அவை உதவுவதில்லை. இத்தாலியச் சொற்களை ஒலிப்புக்கு இயன்றவரை நெருக்கமாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சபையின் உரோமை இல்லத்துக்குச் செல்ல இருக்கிறேன். அங்கே சமையலறை வேலையும் சலவையும் எல்லாச் சகோதரிகளுக்கும் முறை வைத்து வரும் என்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ‘லவாரே’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. துவைக்க, விளக்க, கழுவ எனத் தனித்தனிச் சொற்கள் அந்த மொழியில் இல்லையா?
– ஓர் அருட்சகோதரி, ஞானஒளிவுபுரம்

பதில்: நாம் எண்ணுகிற அளவுக்கு இல்லை, சகோதரி. நாம் துணியைத் துவைக்கிறோம், ஏனத்தை விளக்குகிறோம், கையைக் கழுவுகிறோம், தலைக்குக் குளிக்கிறோம், தரையைத் துடைக்கிறோம். எந்தப் பொருளில் கை வைத்திருக்கிறோம் என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடுவதால், ‘துவைத்துவிட்டாயா?’ என்று கேட்டால் ‘எதை?’ என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இத்தாலியத்தில் இவை ஐந்துக்கும் ‘லவாரே’ போதும். வேறுபாட்டைக் காட்டுவது அதன் பின்னால் வரும் பெயர்ச்சொல்லின் வேலை. ‘லவாரே இ பியாத்தி’ என்றால் தட்டு முதலான பாத்திரங்களை விளக்குதல், ‘லவாரே இ பன்னி’ என்றால் துணி துவைத்தல், ‘லவாரே பெர் தெர்ரா’ என்றால் தரை துடைத்தல். தன் உடம்பைச் சேர்ந்ததாக இருந்தால் வினை ‘லவார்ஸி’ என்று மாறும்: கை கழுவுதல் ‘லவார்ஸி லே மானி’, தலைமுடி அலசுதல் ‘லவார்ஸி இ கப்பெல்லி’. ஆகையால் ‘லவாரே’யைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை, பொருளோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

கழுவும் வேலையின் உட்பிரிவுகளுக்கு மட்டும் அங்கும் தனிச் சொற்கள் உண்டு. அலசுவதற்கு ‘ஷக்வாரே’, அழுத்தித் தேய்ப்பதற்கு ‘ஸ்த்ரோஃபினாரே’, பிழிவதற்கு ‘ஸ்த்ரித்ஸாரே’, ஊறவைப்பதற்கு ‘மெத்தெரே இன் அம்மொல்லோ’, காயப்போடுவதற்கு ‘ஸ்தெந்தெரே’, ஈரத்தை ஒற்றி எடுப்பதற்கு ‘அஷ்ஷுகாரே’, தூசி தட்டுவதற்கு ‘ஸ்பொல்வெராரே’. பொதுவாகச் சுத்தம் செய்வது ‘புலீரே’. அழுக்கானது ‘ஸ்போர்க்கோ’, சுத்தமானது ‘புலீத்தோ’.

இதற்கும் மேல் ஒரு செய்தி இருக்கிறது. என் கருத்தில் இந்தப் பகுதி முழுவதிலும் முக்கியமானது இதுதான். வீட்டுக்குள் பேசும் இத்தாலியர் அகராதி காட்டும் வினைகளைவிட மூன்று எளிய வினைகளை வைத்தே பெரும்பாலான வேலையைச் சொல்லிவிடுகிறார்கள். முதலாவது ‘ஃபாரே’, அதாவது செய்தல்: சலவை வேலை ‘ஃபாரே இல் புக்காத்தோ’, பாத்திர வேலை ‘ஃபாரே இ பியாத்தி’, வீட்டுச் சுத்தம் முழுவதும் ‘ஃபாரே லே புலித்ஸீயே’. இரண்டாவது ‘பஸ்ஸாரே’, அதாவது ஒரு கருவியைப் பரப்பின் மேல் ஓட்டுதல்: துடைப்பத்தால் பெருக்குவது ‘பஸ்ஸாரே லா ஸ்கோப்பா’, துணியால் துடைப்பது ‘பஸ்ஸாரே லோ ஸ்த்ராச்சோ’, தூசி உறிஞ்சும் கருவியை ஓட்டுவது ‘பஸ்ஸாரே லஸ்பிரப்போல்வெரே’. மூன்றாவது ‘தாரே’, அதாவது கொடுத்தல். ‘தாரே ஊனா ஸ்பத்ஸாத்தா’, ‘தாரே ஊனா ஷக்வாத்தா’, ‘தாரே ஊனா ஸ்பொல்வெராத்தா’ என்று வினையைப் பெயராக்கி அதற்கு முன்னால் ‘ஒரு’ சேர்த்துச் சொல்வார்கள். இதைத் தமிழர்க்கு விளக்கவே வேண்டியதில்லை: ‘ஒரு கூட்டுக் கூட்டிவிடு’, ‘ஒரு அலசு அலசிப் போடு’, ‘ஒரு தட்டுத் தட்டிவிடு’ என்று நம் வீடுகளில் தினமும் சொல்வதுதான் அது. பொருளும் அப்படியே: நின்று நிதானித்துச் செய்ய வேண்டாம், மேலோட்டமாக ஒரு முறை செய்தால் போதும் என்பது. தலைவிச் சகோதரி ‘தாரே’ வைத்துச் சொன்னால் ஐந்து நிமிட வேலை; ‘ஃபாரே லே புலித்ஸீயே’ என்று சொன்னால் அரை நாள் போய்விடும்.

இல்லத்தில் உங்கள் கண்ணில் படக்கூடிய இன்னும் சில சொற்கள்: முறைப்பட்டியல் ‘இ துர்னி’, சலவை அறை ‘லவந்தெரீயா’, உணவுக்கூடம் ‘ரெஃபெத்தோரியோ’, சமையலறைத் தொட்டி ‘லவெல்லோ’, குழாய் ‘ருபினெத்தோ’, பாத்திரம் துடைக்கும் துணி ‘ஸ்த்ரோஃபினாச்சோ’ அல்லது ‘கனொவாச்சோ’. தோஸ்கானா வட்டாரத்தார் சிலர் துடைப்பத்தை ‘க்ரனாத்தா’ என்றும் சமையலறைத் தொட்டியை ‘அக்வாயோ’ என்றும் சொல்வார்கள். கேட்டால் திகைக்க வேண்டாம்.

கேள்வி: துணிகளை அவர்கள் உண்மையிலேயே ‘பன்னி’ என்றுதான் சொல்கிறார்களா? என் மகள் பாடம் படிக்கும்போது வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
– வாசகர், செல்லூர்

பதில்: ஆம், அப்படியேதான். ஒரு துணி ‘பன்னோ’, பல துணிகள் ‘பன்னி’. ‘ஸ்தெந்தெரே இ பன்னி’ என்பதற்குத் துணியைக் கொடியில் போடுவது என்று பொருள். சிரித்தபடியே படித்தால் மறக்காது. ஆனால் இந்தப் ‘ப’வையும் ‘புக்காத்தோ’வின் ‘பு’வையும் ஒன்றாக ஒலிக்கக் கூடாது என்பதை மகளிடம் சொல்லுங்கள்: ‘பன்னி’யில் வருவது ‘பாட்டி’யின் பகரம், ‘புக்காத்தோ’வில் வருவது ‘பஸ்’ஸின் பகரம். நம் எழுத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் காதால் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும்.

கேள்வி: துடைப்பம் ‘ஸ்கோப்பா’ என்று படித்தேன். அதிலிருந்து ‘ஸ்கோப்பாரே’ என்று வினை அமைத்து நான் ஒரு வாக்கியம் எழுதியபோது ஆசிரியை அதை அடித்துவிட்டு, காரணம் சொல்லாமல் கடந்துவிட்டார். இலக்கணப்படி அதில் என்ன பிழை?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘ஸ்கோப்பாரே’ என்பதற்குப் பெருக்குதல் என்ற பொருள் இன்றும் அகராதியில் இருக்கிறது. ஆனால் பேச்சு வழக்கில் அந்த வினை உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிட்டது. நான்கு பேர் நடுவில் சொன்னால் சிரிப்பு எழும், அல்லது அமைதி விழும். ஆசிரியை கூச்சப்பட்டிருக்கிறார், ஒரு வரியில் சொல்லியிருந்தால் உங்களுக்கு உதவியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ‘ஸ்பத்ஸாரே’ என்றோ ‘பஸ்ஸாரே லா ஸ்கோப்பா’ என்றோ சொன்னால் எந்தச் சிக்கலும் இல்லை. ‘ஸ்கோப்பா’ என்ற பெயர்ச்சொல்லுக்கு எந்தக் குற்றமும் கிடையாது. மேசையிலுள்ள சீட்டுகளை வாரி எடுக்கும் ஒரு பழைய சீட்டாட்டத்துக்கும் அதுவே பெயர். குப்பை அள்ளும் முறம் போன்ற தகடு ‘பலெத்தா’, குப்பை ‘ஸ்பத்ஸத்தூரா’, ஒட்டடை ‘ரஞ்ஞத்தேலா’.

கேள்வி: துரின் நகரில் படிக்கும் என் மகன், அறைத் தோழன் ‘லவாரே பெர் தெர்ரா’ என்று சொன்னதைக் கேட்டு, நம் ஊர் வழக்கப்படி இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிச் சமையலறையைக் கழுவிவிட்டிருக்கிறான். தண்ணீர் கீழ்த்தள வீட்டுக் கூரையில் இறங்கிப் பெரிய சண்டையாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குக் கழுவுதல் என்று பொருள் இல்லையா?
– வாசகர், அரசரடி

பதில்: சொல்லுக்குப் பொருள் அதுதான், வீட்டின் அமைப்புதான் வேறு. நம் வீடுகளில் சமையலறையிலும் குளியலறையிலும் தரையைச் சற்றுச் சாய்வாகப் போட்டு மூலையில் நீர் போகும் வழி வைத்திருப்பதால், தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. அங்கே அடுக்குமாடி வீடுகளின் சமையலறைத் தரையில் அப்படி ஒரு வழி இருப்பதில்லை. குளியலறையிலும் பெரும்பாலும் குளிக்கும் தடுப்புக்குள் மட்டுமே இருக்கும். ஊற்றிய தண்ணீர் ஓடுகளின் இடுக்கு வழியாக இறங்குவதைத் தவிர அதற்கு வேறு போக்கில்லை.

ஆகவே ‘லவாரே பெர் தெர்ரா’ என்பது நடைமுறையில் ஈரத்துணியால் துடைப்பது மட்டுமே. வாளி ‘ஸெக்கியோ’, நீளக் கைப்பிடியும் தொங்கும் இழைகளும் கொண்ட துடைப்பான் ‘மோச்சோ’. ‘மோச்சோ’ முதலில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். இப்போது எந்த நிறுவனத்துத் துடைப்பானையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்த வாளியின் மேல்பகுதியில் துளைகளிட்ட ஒரு கூடை பொருத்தியிருக்கும்; நனைத்த துடைப்பானை அதில் வைத்து அழுத்தித் திருகினால் நீர் வடிந்துவிடும். மரத்தரை போட்ட அறை என்றால் வீட்டுக்காரர் ‘பென் ஸ்த்ரித்ஸாத்தோ’ என்று அழுத்திச் சொல்வார்: நன்றாகப் பிழிந்த துணி, சொட்டக் கூடாது என்பது அதன் பொருள். உங்கள் மகனுக்கு அந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: மருமகள் மிலானில் இருக்கிறாள். அவளுக்காகச் சுங்குடிச் சேலைகள் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே சலவை இயந்திரத்தில்தான் போட வேண்டும் என்கிறாள். சாயம் போகாமல் துவைக்க அந்த இயந்திரத்தில் எதைத் திருப்ப வேண்டும் என்று அவளுக்கு எழுதி அனுப்ப விரும்புகிறேன்.
– வாசகி, கே.கே. நகர்

பதில்: அம்மா, நல்ல வேளையாக முன்கூட்டியே கேட்டீர்கள். சலவை இயந்திரம் ‘லவத்ரீச்சே’. அதன் திருகில் எழுதியிருக்கும் சொற்களில் பருத்தி என்பதற்கு ‘கொத்தோனே’ என்று இருக்கும். சுங்குடி பருத்திதானே என்று அதைத் திருப்பிவிடுவதுதான் பலரும் விழும் குழி. அந்த நிரல் வெள்ளைப் படுக்கை விரிப்பு, துண்டு, உள்ளாடை போன்றவற்றை எண்ணி அமைக்கப்பட்டது. 60 பாகை, 90 பாகை வெந்நீர் வரை அது போகும். கட்டிச் சாயம் தோய்த்த சேலைக்கு அந்தச் சூடு ஆகாது. மருமகள் திருப்ப வேண்டியது ‘தெலிக்காத்தி’, அதாவது மென்மையான துணிகள். வெப்பநிலை 30 பாகைக்கு மேல் வேண்டாம், குளிர்நீரில் ஓடும் ‘அ ஃப்ரெத்தோ’ இருந்தால் இன்னும் நல்லது. சுழற்றிப் பிழியும் வேகத்துக்கு ‘சென்த்ரீஃபுகா’ என்று பெயர். அதைக் குறைந்த அளவில் வைக்கச் சொல்லுங்கள்.

சாயம் போகும் துணியை ‘ஸ்தீன்ஜே’ என்பார்கள். முதல் இரண்டு துவைப்பு சுங்குடியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: நீர் சிவந்தோ நீலமாகவோதான் வரும். அதை ஊரிலேயே, வாளித் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காயவைத்து முடித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். அங்கே போன பிறகும் மற்றத் துணிகளோடு கலக்காமல், ‘லவாரே ஸெப்பரத்தமென்த்தே’ என்ற அறிவுரைப்படி தனியாகவே போட வேண்டும். அங்குள்ள கடைகளில் ‘அக்கியாப்பக்கொலோரே’ என்று ஒரு தாள் விற்கிறார்கள். துணியோடு சேர்த்து உள்ளே போட்டால் நீரில் கரைந்து வரும் சாயத்தை அது பிடித்துக்கொள்கிறது. சாயம் விடுவதை அது நிறுத்தாது. விட்ட சாயம் பக்கத்துத் துணியில் ஏறுவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

துணியில் தைத்திருக்கும் சிறு பட்டையிலும் சில சொற்கள் வரும். ‘லவாரே அ மானோ’ கையால் துவைக்க. ‘லவாரே அ ரொவெஷ்ஷோ’ உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்க. ‘நோன் தோர்ச்செரே’ முறுக்கிப் பிழியாதே. ‘நோன் கந்தெஜ்ஜாரே’ வெளுப்பான் போடாதே. ‘லவாஜ்ஜோ அ ஸெக்கோ’ உலர் சலவைக்கு மட்டும் கொடு. இயந்திரத்தின் சோப்பு இழுப்பறையில் மூன்று பிரிவுகள் இருக்கும்: ரோமன் எண் ஒன்று இட்டது முன்துவைப்புக்கு, இரண்டு இட்டது வழக்கமான சோப்புக்கு, பூப்படம் போட்டது துணியை மிருதுவாக்கும் ‘அம்மொர்பிதென்த்தே’வுக்கு. சோப்புத்தூளும் நீர்மமும் இரண்டுமே ‘தெதெர்ஸீவோ’தான். குளியல் சோப்பு ‘ஸப்போனே’.

இன்னொன்றையும் எழுதுங்கள். இத்தாலிய வீடுகளில் பெரும்பாலானவை 3 கிலோவாட் மின் இணைப்பு கொண்டவை. சலவை இயந்திரம் ஓடும்போதே மின் அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் வீடே இருண்டுவிடும். ‘எ ஸல்த்தாத்தா லா கொர்ரென்த்தே’ என்று அலுத்துக்கொண்டு யாராவது மீட்டரைத் தேடிப் போவார்கள். காயப்போடுவதற்கு மடக்குக் கொடியான ‘ஸ்தெந்தீனோ’வும் ‘மொல்லெத்தே’ எனப்படும் கவ்விகளும் வேண்டும். பால்கனியில் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டால் கீழ்வீட்டார் குரல் கொடுப்பார்கள். சுங்குடிக்கு நிழல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘அல்லோம்ப்ரா’.

கேள்வி: பராமரிப்பு வேலைக்குச் செல்லவிருக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் துப்புரவுப் புட்டிகளின் பெயர்களைச் சொல்லித் தர விரும்புகிறோம். எவற்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்?
– மகளிர் குழுவினர், மேலூர்

பதில்: மற்ற எல்லாச் சொற்களையும் மறந்தாலும் ‘கந்தெஜ்ஜீனா’வை மறக்கக் கூடாது. அது சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த வெளுப்பு நீர்மம். சில வட்டாரங்களில் ‘வரெக்கீனா’ என்றும் சொல்வார்கள். நம் ஊர்க் கழிவறைகளில் ஊற்றும் ‘ஆசிட்’ அங்கே ‘ஆச்சிதோ முரியாத்திக்கோ’ என்ற பெயரில் கிடைக்கிறது. இரண்டுமே ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை போகவில்லையே என்று வெளுப்பு நீர்மத்தின் மேல் இந்த அமிலத்தையோ, அமிலத்தின் மேல் வெளுப்பு நீர்மத்தையோ ஊற்றினால் குளோரின் வாயு வெளிப்படும். ஜன்னல் சாத்திய சிறு குளியலறையில் அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், உயிருக்கும் ஆபத்தாகலாம். சமையலறை வினிகரான ‘அச்சேத்தோ’வும் அமிலமே, உப்புக்கறை நீக்கும் ‘அன்த்திகல்க்காரே’ நீர்மங்களும் அமிலத்தன்மை உடையவை. இவற்றை வெளுப்பு நீர்மத்தோடு சேர்க்கவே கூடாது. அம்மோனியாவான ‘அம்மொனீயக்கா’வோடு வெளுப்பு நீர்மத்தைச் சேர்த்தால் குளோரமைன் என்ற வேறொரு நச்சு வாயு உண்டாகும். வெளுப்பு நீர்மத்தின் புட்டியிலேயே, மற்றப் பொருள்களோடு சேர்த்துப் பயன்படுத்தினால் ஆபத்தான வாயு வரலாம் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரியில் ‘நோன் உத்திலித்ஸாரே’ என்ற சொற்கள் வரும்: ‘பயன்படுத்தாதே’ என்பது பொருள்.

புட்டியில் சிவப்புச் சாய்சதுரப் படத்துக்குப் பக்கத்தில் ‘பெரீக்கொலோ’ என்று இருந்தால் ஆபத்து. ‘அத்தென்த்ஸியோனே’ என்று இருந்தால் எச்சரிக்கை, முன்னதைவிட ஒரு படி குறைவு. ‘தெனேரே ஃபுவோரி தல்லா பொர்த்தாத்தா தெயி பம்பீனி’ என்பது குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் வாசகம். மறதி நோயுள்ள முதியவரைப் பார்த்துக்கொள்பவர்கள் அதை முதியவருக்கும் சேர்த்தே படித்துக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு நீர்மம் ‘அல்க்கோல் தெனத்துராத்தோ’ என்ற பெயரில் எல்லா வீட்டிலும் இருக்கும். கண்ணாடியும் குழாயும் துடைப்பதற்கான எரிசாராயம் அது. பார்க்கப் பழச்சாறு போல இருந்தாலும் குடித்தால் நஞ்சு, அடுப்பருகே வைத்தால் தீப்பிடிக்கும். ஏதேனும் நேர்ந்துவிட்டால் அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 112.

மிச்சப் பெயர்கள் எளியவை. எண்ணெய்ப் பிசுக்கு ‘ஊன்த்தோ’, அதை எடுக்கும் நீர்மம் ‘ஸ்க்ரஸ்ஸத்தோரே’, கறை ‘மாக்கியா’, சுவரில் படரும் பூஞ்சை ‘மூஃப்பா’, தேய்க்கும் பஞ்சு ‘ஸ்பூஞ்ஞா’. குழாய் வாயில் படியும் வெள்ளை உப்பு ‘கல்க்காரே’. மேலூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் புழங்கியவர்களுக்கு அதை அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டுக்கார அம்மாவிடம் பேச நாலு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள். ஏவும்போது அவர் சொல்வது சில நேரம் ‘லாவா’ என்றும் சில நேரம் ‘லாவி’ என்றும் கேட்கிறது, எது சரி?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: இரண்டும் சரி. ‘லாவா’ என்பது ‘நீ கழுவு’, ‘லாவி’ என்பது ‘நீங்கள் கழுவுங்கள்’. ‘ஸ்தெந்தெரே’ போன்ற வினைகளில் இது தலைகீழாகும்: ‘ஸ்தெந்தி’ என்றால் நீ, ‘ஸ்தெந்தா’ என்றால் நீங்கள். அவர் உங்களை எப்படி அழைத்தாலும் நீங்கள் ‘லேயி’ என்ற மரியாதை வடிவத்திலேயே தொடங்குங்கள். நீ, நான் என்று பேசலாம் என்பதை வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது அங்கும் வழக்கம்.

வாக்கியங்கள் இதோ. சோப்பு தீர்ந்துவிட்டது: ‘எ ஃபினீத்தோ இல் தெதெர்ஸீவோ’. இதை எங்கே வைக்கட்டும்: ‘தோவே லோ மெத்தோ?’ இதை இயந்திரத்தில் போடலாமா: ‘க்வெஸ்தோ ஸி ப்வோ லவாரே இன் லவத்ரீச்சே?’ எத்தனை பாகையில்: ‘அ க்வான்த்தி க்ராதி?’ பிறர் வீட்டுக் கம்பளி உடையில் கை வைக்கும் முன் கடைசி இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது. வெந்நீரில் போட்ட கம்பளிச் சட்டை குழந்தைச் சட்டையாகத்தான் வெளியே வரும்.

வீட்டு வேலை செய்பவரை ‘கொல்ஃப்’ என்றும், முதியவரைப் பராமரிப்பவரை ‘பதான்த்தே’ என்றும் சொல்வார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். வேலையின் வகையும் கூலியும் அதை ஒட்டியே அமையும். வீட்டு வேலையாளருக்கான தேசிய ஒப்பந்தப்படி, வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 54 மணி நேரமும், தங்காதவருக்கு 40 மணி நேரமும் வழக்கமான வேலை நேரத்தின் உச்ச வரம்பு. தங்கியிருப்பவரைக் குறிக்கும் சொல் ‘கொன்விவென்த்தே’.

கேள்வி: வெளிநாட்டுக் கழிவறைகளில் தண்ணீர் இருக்காது, காகிதம்தான் என்கிறார்களே, இத்தாலியிலும் அப்படியா? கையோடு ஒரு மக் கொண்டுபோகட்டுமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: வேண்டியதில்லை. கழுவுவதற்கென்றே ‘பிதே’ எனப்படும் தாழ்வான பீங்கான் தொட்டி, குழாயோடு அங்கே வீட்டுக் குளியலறைகளில் இருக்கும். ஒரு வீட்டில் குறைந்தது ஒரு குளியலறையிலாவது அது இருக்க வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாளிட்ட அரசாணையே இருக்கிறது. அதற்கெனத் தனியாக ஒரு சிறு துண்டு பக்கத்தில் தொங்கும். அதை எடுத்து முகம் துடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ‘அவனைக் கைகழுவிவிட்டான்’ என்று நாம் சொல்வதுபோல அவர்களும் கழுவுவதை வைத்து ஏதாவது சொல்வார்களா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: நிறையச் சொல்வார்கள். ‘லவார்ஸெனே லே மானி’ என்பது அதே கைகழுவுதல்தான்; விவிலியத்தில் பிலாத்து கை கழுவியதிலிருந்து பரவிய தொடர் அது. திட்டு வாங்கினால் ‘லவாத்தா தி காப்போ’, அதாவது தலைக்குக் குளிப்பாட்டல். வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவராதே என்பதற்கு ‘இ பன்னி ஸ்போர்க்கி ஸி லாவனோ இன் காஸா’ என்பார்கள்: அழுக்குத் துணியை வீட்டுக்குள்தான் துவைக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது கழுதையைப் பற்றிய பழமொழி. கழுதையின் தலையைக் கழுவப் போனால் ‘ரன்னோ’வும் சோப்பும்தான் நட்டம் என்கிறார்கள், திருந்தாதவனுக்குப் புத்தி சொல்வதைப் பற்றிய பேச்சு. ‘ரன்னோ’ என்பது சாம்பல் நீர். சோப்புத்தூள் வருவதற்கு முன், இத்தாலியக் கிராமத்துப் பெண்கள் பெரிய மண் தொட்டியில் வெள்ளைத் துணிகளை அடுக்கி, மேலே ஒரு முரட்டுத் துணியை விரித்து, அதன் மேல் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். சாம்பலின் காரத்தை எடுத்துக்கொண்டு துணிகளின் ஊடே இறங்கி அடியிலுள்ள துளை வழியாக வடியும் நீரே ‘ரன்னோ’. பிறகு துணிகளை ஊர்ப் பொதுத் துறையான ‘லவத்தோயோ’வுக்குச் சுமந்துபோய் அலசுவார்கள். வைகைக் கரையில் உவர்மண்ணில் ஊறிய துணியை வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்களும் இதே காரத்தையும் இதே சூட்டையும் கொண்டுதான் வெளுத்தார்கள். இங்கே ஆவி கீழிருந்து மேலே ஏறும், அங்கே வெந்நீர் மேலிருந்து கீழே இறங்கும். கழுதை இரண்டு இடத்திலும் உண்டு என்றாலும், நம்முடையது மூட்டை சுமந்தது.

கேள்வி: தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் இத்தாலியிலிருந்து வந்து நம் பகுதியில் வாழ்ந்தவர்கள். அவர்கள் வழியாக நம் வீட்டுப் புழக்கத்தில் ஏதேனும் இத்தாலியச் சொல் தங்கியிருக்கிறதா?
– தமிழாசிரியர் ஒருவர், திருப்பரங்குன்றம்

பதில்: அவர்கள் வழியாகத் தங்கியதாகத் தெரியவில்லை, ஐயா. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகரும், காஸ்தில்யோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்து மதுரை மிஷனில் பணியாற்றிய பெஸ்கி என்னும் வீரமாமுனிவரும் தங்கள் மொழியைப் பரப்புவதைவிடத் தமிழைக் கற்று அதில் எழுதுவதிலேயே கருத்தாக இருந்தார்கள். நம் வீட்டுக்குள் வந்த இலத்தீன் வழிச் சொற்கள் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தவை. போர்த்துக்கீசியமும் இத்தாலியமும் இலத்தீனின் பிள்ளைகள் என்பதால் சில சொற்கள் பழகிய முகமாகத் தெரியும்: நம் சாவி அங்கே ‘கியாவே’, நம் அலமாரி அங்கே ‘அர்மாதியோ’. இஸ்திரியும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததே என்பர். இத்தாலியத்தில் துணி தேய்ப்பது ‘ஸ்திராரே’, இஸ்திரிப் பெட்டி ‘ஃபெர்ரோ த ஸ்தீரோ’.

துவாலையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதற்கு இணையாக ஒலிக்கும் ‘தொவால்யா’ இத்தாலியில் சாப்பாட்டு மேசையின் மேல் போடும் விரிப்பு. குளியலறையிலிருந்து குரல் கொடுத்துக் கேட்க வேண்டியது ‘அஷ்ஷுகமானோ’.